கள்ளி பார்க்கப் போன நாள்

கள்ளிச்செடி பார்ப்பதற்குச் சேலை கட்டிக்கொண்டு வரச் சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"ஜீன்ஸோட வராதையும். வழியில ஆரும் எங்கட சனத்தைக் கண்டாலும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி தன்னுடைய அலுமாரியைத் திறந்து, வெளிர்பச்சைப் பட்டுச்சேலை ஒன்றை என் கட்டிலில் போட்டார். நாங்கள் போக இருந்ததோ கென்ற் மாகாணத்தின் கடைசி மூலைக்கு. கூழாங்கல்லும் காற்றும் மட்டும் குடியிருக்கும் இடம். அங்கே எந்தச் சனம்? நான் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன். சந்தோஷத்தில் இருக்கிறவள் கேள்வி கேட்பதில்லை.

அன்றைக்குக் காரில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு விஷயம் தெரியும். என்னை ஒருவருக்குக் காட்டுவதற்காகக் கொண்டுபோகிறார்கள். அது எனக்கு மட்டும் தெரியாது.

லண்டனில் எங்கள் சனத்திடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் முகம் கறுக்கும். ஆகவே பொது இடம். கோயில் வீதி, ஷொப்பிங் சென்ரர், ஆருடையதோ கலியாணத்தின் சாப்பாட்டு வரிசை. தற்செயலாகக் கண்ட மாதிரி. சரிவராவிட்டால் காணவே இல்லை என்ற மாதிரி. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் செய்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாள். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. எனக்குச் சொல்லக்கூட வேண்டியதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் ஓர் அறை. நோர்பரியில் அண்ணையின் வீட்டில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்த சின்ன அறை என்னுடையது. கட்டில் போட்டதால் கதவு பாதிதான் திறக்கும். பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியேறி, அந்த அறையில் நான் பல வருஷம் ஒரு நண்டு போல வாழ்ந்தேன். பகலில் குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பின்னேரத்தில் கட்டிலே கதிரை, மடியே மேசை. ஆரும் படிக்காத சஞ்சிகைகளுக்கு வசனமாகவும் இல்லாமல் கவிதையாகவும் இல்லாமல் ஏதோ எழுதுவேன். அந்தக் கோடையில் அண்ணியின் தங்கை குடும்பம் பிரான்ஸை விட்டு லண்டனுக்கு வர இருந்தது. அதையும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சுவர் மெல்லியது. "ஓமோம், ஜூனுக்குள்ள அறை வெறுமையாயிடும்" என்று அண்ணி ரெலிபோனில் சொன்னது கேட்டது. எப்படி வெறுமையாகும் என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

இனிப் பாலைவனத்துக்கு வருகிறேன். அந்த மாசியில், இருட்டும் மழையும் சேர்ந்து ஜன்னலில் குடியிருந்த ஒரு பின்னேரம், ரெலிவிஷனில் மெக்சிக்கோவின் பாலைவனம் ஒன்று பூத்தது. மனிதர் உயரத்துக்கும் மேலே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற கள்ளிகள் தலையில் வெள்ளைப் பூ வைத்துக்கொண்டு நின்றன. அந்த நிகழ்ச்சி முடிந்த பிறகும் நான் எழும்பவில்லை. என் உடம்புக்குள் எங்கேயோ காய்ந்துபோய்க் கிடந்த ஏதோ ஒன்று, தனக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டது. விசாரித்ததில், கென்ற் பக்கம் ஒரு கண்ணாடி வீட்டில் கள்ளி வளர்த்து விற்கிறார்கள் என்றும், அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் டன்ஜெனஸ் என்று கடலோரத்தில் ஒரு கல் வெளி இருக்கிறது, இந்த நாட்டுக்காரர் அதைத் தங்கள் பாலைவனம் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் அறிந்தேன். அண்ணையைக் கரைச்சல்படுத்தத் தொடங்கினேன்.

"கள்ளியைப் பாக்க ஆரும் கார் எடுப்பினமோ? ஊரில வேலிக்கு நட்டது" என்று ஒவ்வொரு முறையும் சிரித்துத் தள்ளிவிட்டவர், ஈஸ்டர் லீவில் ஒரு காலை, "வெளிக்கிடு பிள்ளை, உன்ர பாலைவனத்துக்குப் போவம்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை இப்போது எழுதும்போதுதான் வாய் கசக்கிறது. அந்தக் கண்ணீரை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

லண்டனைக் கழற்றுவது ஈரச் சட்டையைக் கழற்றுவது போல. கொஞ்சம் இழுபட்டு, கொஞ்சம் ஒட்டி, பிறகு ஒரேயடியாகக் கழன்று போகும். பெருவீதி ஏறியதும் வானம் அகன்றது. வேலிகளில் இலை வருவதற்கு முந்தியே வெள்ளையாகப் பூத்து நின்ற முட்பற்றைகள். எண்ணெய் விதைக்காகப் போட்ட மஞ்சள் வயல்கள், கண்ணுக்குள் வந்து குத்துகிற மஞ்சள். தாயின் மடியை முட்டுகிற ஆட்டுக்குட்டிகள். நான் பின் சீற்றில் இருந்து ஜன்னலை இறக்குவதும், அண்ணி குளிருது என்று சொல்ல ஏற்றுவதும், பிறகு இறக்குவதுமாக இருந்தேன். என் பக்கத்தில் மூடிவைத்த டப்பாக்களிலிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் மணத்தது. மூன்று பேருக்கு இவ்வளவு ரோல்ஸ் ஏன் என்றும் நான் கேட்கவில்லை.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். வரிசை வரிசையாக, எனக்குத் தெரியாத ஒரு கிரகத்தின் சனத்தொகை. கடல் முள்ளெலி போல உருண்டவை. நரைத்த கிழவர் மாதிரி வெள்ளை மயிர் போர்த்தவை. தலையைச் சுற்றி ரோஸ் நிறப் பூக்களைக் கிரீடமாக வைத்துக்கொண்டு, அந்தக் கிரீடத்துக்குக் கீழே விரலை வைக்க ஓர் இடமும் விடாதவை. கல்லுக்குள் கல்லாக நடித்துக்கொண்டு கிடந்த சில. மண்ணோடு ஒட்டியிருந்த ஒரு குண்டூசிப் பந்திலிருந்து செம்மஞ்சள் பூ ஒன்று கத்திக்கொண்டு வந்தது போல விரிந்திருந்தது. பூவுக்கு இவ்வளவு கோபம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து குனிந்து நின்றேன். கடன் வாங்கிய சேலையின் முந்தானை முட்களில் சிக்கியது, எடுத்தேன், மறுபடி சிக்கியது. இலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு முள்ளை வைத்துக் குடும்பம் நடத்துகிற சாதி. அதற்கும் வசந்தம் வருகிறது.

ஒன்று வாங்கினேன். தட்டைத் தட்டையாக, முயல் காதுகள் போல ஒன்றின் மேல் ஒன்று முளைத்தது. நீண்ட முள் இல்லை. பொன் புள்ளிகள், பஞ்சு தொட்டு வைத்தது மாதிரி. கடைக்காரப் பெண் அதைத் தரும்போது, தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதே, அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நூறு முள், ஏறினால் கண்ணுக்குத் தெரியாது என்று எச்சரித்தாள்.

"முள்ளுச்செடியை வீட்டுக்குள்ள வைச்சா சண்டைதான் வரும்" என்றார் அண்ணி. "அதுவும் இண்டைக்குப் பாத்து."

"இண்டைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. விசேஷ நாள் எண்டன்."

"விடுமப்பா" என்றார் அண்ணை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "ஆசைப்பட்டதை வாங்கட்டும்."

அண்ணையை எனக்கு அப்போது மிகவும் பிடித்தது.

டன்ஜெனஸில் நிலத்துக்கு விளிம்பு இல்லை. வேலி கிடையாது, மரம் கிடையாது. ஆரோ ஒரு பெட்டியிலிருந்து கொட்டிவிட்டு மறந்துபோன மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தார் பூசிய கறுத்த மரவீடுகள். கடல் பின்வாங்கிப் போனதால் தரையில் நின்று வெடித்துப்போன படகுகள். தூரத்தில் அணுமின் நிலையம், ஒரு பெரிய சாம்பல் யோசனை போல. மற்றதெல்லாம் கல். பழுப்பு, தேன், எலும்பு நிறங்களில் கல். அந்தக் கல்லைப் பிளந்துகொண்டு ஒரு வகைக் கடல் முட்டைக்கோவா கருஞ்சிவப்புத் தளிர்களைக் கசக்கிக் கசக்கி வெளியே தள்ளியது. மஞ்சள் பூப் பற்றைகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தபடி பூத்திருந்தன.

கார் நின்றதும் இறங்கி ஓடினேன். தொட்டி கவிழ்ந்துவிடும் என்று அதையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ஒவ்வோர் அடிக்கும் கல் சரசரவென்று சிரித்தது. சேலை பாய்மரமாயிற்று. இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முன்னே ஒரு கதவும் இல்லை. ஆரையும் இடிக்காமல் கையை அகல விரித்தேன், ஒரு கையைத்தான், மற்றதில் கள்ளி. எனக்கென்று ஒரு நாள் இருந்ததென்றால் அது அந்தச் சில நிமிஷங்கள்தான்.

"பிள்ளை! இஞ்ச வந்து பார், ஆர் நிக்கினம் எண்டு!"

அண்ணையின் குரல் தேவைக்கு மேலே உரத்திருந்தது. திரும்பினேன். எங்கள் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார். சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்ட, என்னிலும் மூத்த ஒரு பெண். காற்றுக்குச் சட்டைக் கழுத்தைத் தூக்கிவிட்ட ஒரு மனிதர். அந்தப் பெண் அவருடைய அக்கா.

"என்ன அதிசயம்! இஞ்சயோ வந்து காணுறது!" என்றார் அக்கா.

"நாங்கள் சும்மா, தங்கச்சிக்குக் கள்ளி காட்ட வந்தனாங்கள்" என்றார் அண்ணி.

"நாங்களும் சும்மாதான்."

உலகத்தின் ஓரத்தில், ஒளிய ஒரு மரமும் இல்லாத இடத்தில், நாங்கள் வந்த நோர்பரியும் லண்டனின் மறுபக்கத்திலிருந்து அவர்கள் வந்த வால்தம்ஸ்டோவும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டன. நான் நம்பினேன். கோயிலில் பழக்கமான ஆட்கள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கார் நின்ற மேட்டுக்கு ஏறி வந்தேன்.

அக்காவின் பார்வை என் முகத்தில் தொடங்கி, கழுத்துக்கு வந்து, கையில் நின்றது.

"அதென்ன, முள்ளோ?"

"கள்ளி. வடிவா இருக்கு, என்ன?" என்று நீட்டினேன்.

அவர் ஓரடி பின்னால் வைத்தார். அண்ணி, "அதை இஞ்ச தாரும், காருக்குள்ள வைப்பம்" என்று பல்லுக்குள்ளால் சொன்னார். நான் கொடுக்கவில்லை. என் கையிலேயே இருந்தது.

காரின் பின்கதவைத் தூக்கி ரோல்ஸ் பரிமாறினோம். அக்கா என்னை விசாரித்தார்.

"எங்க வேலை செய்யிறியள்?"

"பள்ளிக்கூடச் சமையலறையில."

"அப்ப நல்லாச் சமைப்பியள்."

"பிள்ளையளுக்கு உருளைக்கிழங்கு அவிச்சு மசிக்கிறது. பிறகு அடுத்த நாளைக்கும் அவிச்சு மசிக்கிறது."

அந்த மனிதர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எழுதவும் எழுதுவா" என்றார் அண்ணி, நோய் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிற தொனியில். "அது சும்மா, நேரம் போகாட்டி."

பிறகு அண்ணை கைகளைத் தட்டிவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் கடல் வரைக்கும் நடந்திட்டு வாங்கோவன். நாங்கள் இதுகளை எடுத்து வைக்கிறம்" என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் மண்டைக்குள் அவ்வளவு வெளி புகுந்திருந்தது.

கல்லில் நடப்பது லேசில்லை. கால் புதையும், சறுக்கும். அவர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். முன்னர் ஜேர்மனியில் இருந்தவராம். மனைவி நோயில் இறந்து சில வருஷமாம். லண்டனுக்கு வந்து வால்தம்ஸ்டோவில் குழாய் வேலை, ஹீற்றிங் வேலை செய்கிறாராம்.

"இது மாதிரி ஒண்டு நானும் வைச்சிருந்தனான்" என்று தொட்டியைக் காட்டினார். "அங்க அகதி முகாமில, ஜன்னல்ல. எனக்கு முந்தி இருந்தவன் ஆரோ விட்டிட்டுப் போனது. பாவம் எண்டு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினன்."

"பிறகு?"

"அழுகிச் செத்துப்போச்சு. நான்தான் கொன்றனான். அன்பால."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்துக் கனகாலம். அவரும் சிரித்தார். கடலில் ஒரு கப்பல் நகர்கிறதா இல்லையா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகுதான் அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு விருப்பமோ? அல்லாட்டி, வீட்டுக்காக ஓமெண்டனீங்களோ?"

"எதுக்கு?"

அவர் நின்றுவிட்டார். காலடியில் கல்லின் சத்தமும் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மேட்டில் எங்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

எனக்கு எல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. ரோல்ஸ். கடிகாரம். ஆசைப்பட்டதை வாங்கட்டும். வெளிர்பச்சைப் பட்டு. உன்ர பாலைவனத்துக்குப் போவம். கண் கலங்கி நின்ற என்னைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்த கை. கூழாங்கல் வெளி சுருங்கிச் சுருங்கி, கதிரை போட்ட ஒரு வரவேற்பறையாகி, அதன் நடுவில் நான் நின்றேன்.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். "உங்களுக்குத் தெரியுமெண்டுதான் எனக்குச் சொன்னவை. நான் வேணுமெண்டா எனக்குச் சரிவராது எண்டு சொல்லிவிடுறன். உங்களுக்கு வீட்டில கரைச்சல் வராது."

நல்ல மனிதர். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே தள்ளி நின்று கேட்டேன்.

திரும்பும்போதும் நான் பின் சீற்றில்தான் இருந்தேன். வரும்போது என் பக்கத்தில் ஓடிவந்த மஞ்சள் வயல்கள் இப்போது அண்ணையின் பக்கத்தில் ஓடின. அதே மஞ்சள்தான். ஆனால் ஆரோ எனக்குக் காட்டுகிற மஞ்சள்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வருவியோ?"

"கேட்டுப் பாத்திருக்கலாம்."

"கேட்டா வருவியோ எண்டுறன்."

"எல்லாம் உம்மட நன்மைக்குத்தான்" என்றார் அண்ணி, முன்னால் பார்த்தபடி. "எங்களுக்குப் பிறகு உமக்கு ஆர் இருக்கினம்?"

எங்களுக்குப் பிறகு என்றால் ஜூனுக்குப் பிறகு என்று அர்த்தம். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

லீவு முடிந்தது. சமையலறையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டு என் பதிலை யோசித்தேன். கோபத்தை முதலில் போட்டேன், அது எல்லாவற்றையும் மூடியது. அதற்கு அடியில் ஒரு மனிதர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். எந்த ஏமாற்று வழியாலும் ஒரு நல்ல ஆள் வந்து சேரலாம். வழியில் இருக்கிற அழுக்குக்காக ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? அடுத்த வாரம் அண்ணையிடம் சொல்லலாம் என்று முடிவெடுத்திருந்தேன். ஓம் என்று சொல்ல இருந்தேன். இதை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவர்கள் முந்திக்கொண்டார்கள். அந்த மனிதரின் அக்கா அண்ணிக்கு ரெலிபோன் எடுத்தார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் முதலில் கண்ணில் படுவதை நாங்கள் முழுவியளம் என்போம். நிறைகுடம், பூ, சுமங்கலி என்று பார்த்துப் பார்த்து எதிரே வரவிடுவார்கள். இங்கே முழுவியளமே முள்ளாகப் போய்விட்டதாம். தம்பியின் குடும்பம் ஒரு தரம் அழிந்தது போதுமாம்.

"பொம்பிளை பாக்க வந்த இடத்தில கள்ளியைக் காவிக்கொண்டு நிண்டனீர்" என்று அண்ணி குசினிக்குள் கத்தினார். "ஆரும் செய்வினமோ?"

"கள்ளித் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஆர் அண்ணி?"

"அது... வேற இடம் சொன்னா நீர் வந்திருக்க மாட்டீர்."

"அவர் என்ன சொன்னவராம்?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது? அக்கா சொல்லைத் தாண்டார்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு முதுகெலும்பாவது மிஞ்சியிருக்கும். ஓம் என்று சொல்லியிருந்தால் ஒரு வீடு. எனக்கு வாய் திறக்கவே முறை வரவில்லை.

அன்று பின்னேரம் கள்ளித் தொட்டி வாசலில், குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சண்டைக்கு அதுதான் காரணமாம். எடுத்துக்கொண்டு போய் மறுபடி என் ஜன்னலில் வைத்தேன். அடுத்த நாளும் வாசலில் இருந்தது. இப்படிக் கொஞ்ச நாள் அது படியேறி இறங்கியது.

இதற்குள் ஒரு விஷயம் நடந்தது, அதை எழுதாமல் விட மனமில்லை. தொட்டி உரசிய அந்தப் பட்டுச்சேலையைக் காயப்போட்டு மடித்துக் கொடுத்திருந்தேன். கோயில் தேருக்கு அண்ணி அதைக் கட்டிக்கொண்டு போனார். கண்ணுக்குத் தெரியாத பொன் முட்கள் அந்தப் பட்டுக்குள் படுத்திருந்தன. தேர் ஒரு சுற்றுச் சுற்றி வருமட்டும் அண்ணி இடுப்பையும் வயிற்றையும் சொறிந்தார். அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு சொறிந்தார், அறிமுகமானவர்களோடு குசலம் விசாரித்துக்கொண்டு சொறிந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒரே பிரசாதம் அது.

ஜூன் வருமுன்னர் அறை தேடினேன். கிடைத்தது வால்தம்ஸ்டோவில். ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேல்மாடியில், கதவு முழுதாகத் திறக்கிற அறை. மணப்பெண்ணாகப் போக இருந்த ஊருக்கு வாடகைக்காரியாகப் போனேன். வேலையையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். அங்கும் உருளைக்கிழங்குதான்.

அண்ணைதான் ஏற்றிக்கொண்டு போனார். அதே கார். அண்ணி வாசலில் நின்று கை காட்டினார். அவருக்குப் பின்னால், மேலே, என் ஜன்னலில் புதுத் திரைச்சீலை ஏற்கெனவே தொங்கியது. வழி முழுக்க லண்டன்தான், கடைப் பலகைகளும் பஸ்களும் சிவப்பு விளக்குகளும். ஒரு வயலும் இல்லை. ஒரு விளக்கில் நின்றபோது அவர் என் மடியைப் பார்த்தார்.

"கள்ளியையும் கொண்டு வாறாய்."

"ஓம்."

"பூக்குமோ அது?"

"இந்தச் சாதி தொட்டியில பூக்கிறது குறைவாம்."

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் அங்க ஒருக்காப் போவம், என்ன? நீயும் நானும் மட்டும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்கள் கேட்கிற மன்னிப்பு அது என்று எனக்கு விளங்கியது.

"போவம்" என்றேன். "என்னைக் கேட்டிட்டுப் போவம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார்.

அடுத்த வசந்தத்தில் அவர் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் கேட்கவில்லை. பஸ்ஸும் ரயிலும் பிடித்து நான் தனியாகப் போயிருக்கலாம், போவதற்கு என்ன. ஆனால் அந்தக் கல் வெளியை நினைத்தால் இன்றும் முதலில் தெரிவது கடலல்ல, மேட்டில் நின்று பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிற மூன்று பேர்தான்.